ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பின்பக்க சஸ்பென்ஷனில் எதைத் தொடுவது, எதை விடுவது?

வளைவுக்காரன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1968-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இன்ஜினும் பிரேக்கும் ஒரு வழிக்கு வந்துவிட்டன. பின்பக்க சஸ்பென்ஷன் மட்டும் அடம் பிடிக்கிறது.

பழைய லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) தொய்ந்து போயிருந்ததால் புதிது வாங்கி மாட்டினேன். இப்போது பின்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கிறது. சக்கரங்கள் மேலே விரிந்து கீழே ஒடுங்கி, பார்க்கவே சகிக்கவில்லை. தோற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்து, பாதியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலெழும்பி வெளியே வீசப் பார்க்கிறது. தொய்ந்த ஸ்பிரிங் இருந்தவரை இந்த அளவுக்கு இல்லை.

என் திட்டம்: டிஃபரன்ஷியலுக்கும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பல்சக்கரப் பெட்டி) ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஓர் அங்குலக் கட்டை வைத்துக் காரைத் தாழ்த்துவது, ஷாக் அப்சார்பர்களை விறைப்பான வகைக்கு மாற்றுவது, பின்பக்கத்துக்கு ஓர் ஆன்ட்டி-ரோல் பார் (கார் வளைவில் சாய்வதைத் தடுக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) சேர்ப்பது. டயர்கள் ஏற்கெனவே 175/70-13. சேஸிஸில் வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் வேண்டாம். என்றைக்காவது பழைய நிலைக்குத் திருப்ப நினைத்தால் திருப்ப முடிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நான்காம்கியர்:

கட்டையை வையுங்கள், வேலை முடிந்தது. என் மார்க் 2-இல் வைத்திருக்கிறேன். கார் நிற்கும் அழகே தனி. நீளமான ஸ்டட்கள் வேண்டும், அவ்வளவுதான். ஆன்ட்டி-ரோல் பார் நான் போட்டதில்லை. ஆனால் முன்பக்கம் ஒன்று இருக்கும்போது பின்பக்கமும் ஒன்று இருந்தால் நல்லதுதானே?

கிரீஸ்கறை:

நல்லதில்லை. நான்காம்கியர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. பின்பக்க ஆன்ட்டி-ரோல் பாரைத் திட்டத்திலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். மற்றவற்றில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் கார் போகும்.

உங்கள் காரின் பின்பக்க அமைப்பு 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு ஹாஃப் ஷாஃப்டுக்கும் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) டிஃபரன்ஷியல் ஓரத்தில் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், அதாவது மடங்கும் மூட்டு. சக்கரத்தின் பக்கம் மூட்டே கிடையாது. இதற்கு ஊசல் அச்சு என்று பெயர். அதனால் ஷாஃப்ட் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சக்கரமும் சாயும். சக்கரம் மேலே ஏறினால் அதன் தலை உள்ளே சாயும், கீழே இறங்கினால் வெளியே சாயும். வளைவில் வெளிப்பக்க டயரைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வருவது தரைமட்டத்தில்; ஷாஃப்ட் மடங்கும் மூட்டோ அதைவிட உயரத்தில். ஆகவே தள்ளலில் ஒரு பங்கு காரின் பின்பகுதியை மேலே தூக்கத் தொடங்குகிறது. பின்பகுதி உயர உயரச் சக்கரம் கீழே மடங்குகிறது. மடங்க மடங்க மூட்டு இன்னும் உயரம் போய்த் தூக்கல் இன்னும் வலுக்கிறது. கடைசியில் டயர் தன் ஓரத்தில் நிற்கும், பிடி போய்விடும். நீங்கள் பாதி வளைவில் காலை எடுத்தால் எடை முன்னே போகிறது, பின்பகுதி தானாகவே உயர்கிறது. இந்தச் சுழலைத் தொடக்கிவைக்க அது போதும். புது ஸ்பிரிங் காரை உயர்த்தி, பாதித் தூரத்தை முன்கூட்டியே நடந்து முடித்துவிட்டது. தொய்ந்த ஸ்பிரிங்கோடு கார் ஒழுங்காக நடந்துகொண்டதன் ரகசியம் அதுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உள்பக்கச் சக்கரம். அது நேர்மாறாகக் காரைக் கீழே இழுக்கிறது. இரண்டு டயர்களும் பக்கவாட்டு விசையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டால் தூக்கலும் இழுப்பும் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஈடாகாமல் போவது ஏன்? கார் சாயும்போது சுமையெல்லாம் வெளிச்சக்கரத்தின் தலையில் ஏறுவதால். பின்பக்க ஆன்ட்டி-ரோல் பார் செய்யும் வேலையே, பின் அச்சில் இன்னும் கூடுதலான சுமையை வெளிச்சக்கரத்துக்கு அனுப்பிவைப்பது. கொதிக்கிற பாலுக்கு அடுப்பை ஏற்றிவிடுகிற கதை. நமக்கு வேண்டியது எதிர்த்திசை: கார் சாய்வதைத் தடுக்கும் பொறுப்பை முன்பக்கம் ஏற்க வேண்டும், பின்பக்கம் தளர்ந்து கொடுக்க வேண்டும்.

டயரையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்தபோது அதன் காலில் இருந்தது ஒல்லியான 5.20-13. பிடி குறைவு, அதனால் தூக்கலும் குறைவு. 175/70 தரையை இறுகப் பிடிக்கிறது; அந்தப் பிடியே தூக்கவும் செய்கிறது. கழற்றச் சொல்லவில்லை. நல்ல டயர் வாங்கியதால் இது குணமாகும் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இது டிரையம்ஃபுக்கு மட்டும் வந்த தலைவலியும் அல்ல. மெர்சிடிஸ் 1954-இல் இறக்கிய 300 எஸ்எல் கூப்பேயிலும் இதே ஊசல் அச்சுதான். 1957-இல் ரோட்ஸ்டர் வந்தபோது மூட்டைக் கீழே இறக்கி, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஈட்டு ஸ்பிரிங் ஒன்றைக் குறுக்காக வைத்தார்கள். போர்ஷே 356 சூப்பர் 90-க்கும் அப்படி ஒரு ஈட்டு ஸ்பிரிங் கிடைத்தது. செவ்ரோலே கோர்வேர் 1964-இல் ஒரு குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கைப் பெற்றது, அடுத்த ஆண்டே ஊசல் அச்சைத் தலைமுழுகியது. இவர்களில் ஒருவர்கூடப் பின்பக்கத்தில் ஆன்ட்டி-ரோல் பார் மாட்டி இதைத் தீர்க்கவில்லை.

கட்டையைப் பற்றி: அது கெட்டதல்ல, அரைகுறை. நிற்கும்போது சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து வைக்கும். நல்லது. ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் அப்படியே இருந்தால் சக்கரம் கடைசியாக எதுவரை விழலாம் என்பதும் அப்படியே இருக்கும். இந்தக் காரில் நிற்கும் உயரத்தைப் பார்த்துப் பயனில்லை. சக்கரம் எவ்வளவு கீழே விழ முடியும் என்று பாருங்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. சக்கரம் விரிந்து நிற்பதாகச் சொன்னீர்களே, ஜாக்கிலிருந்து இறக்கிய கையோடு பார்த்ததா, அல்லது காரை உருட்டிவிட்டுப் பார்த்ததா? ஊசல் அச்சை ஜாக்கில் தூக்கினால் சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். கீழே இறக்கியதும் டயர் தரையில் ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டாமல் எடுத்த எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

வளைவுக்காரன்:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆன்ட்டி-ரோல் பாரை அடித்துவிட்டேன். காரை உருட்டி, பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது, ஆனால் ஆளில்லாமல் இன்னும் பாசிட்டிவ் கேம்பரில்தான் (சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து) நிற்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் சக்கரம் ஏறக்குறைய நேராக வருகிறது.

ஆறுசிலிண்டர்:

எதற்கு இந்த ஒட்டுப்போடும் வேலை? ஸ்பிட்ஃபயரின் உறவுக்கார கார்களான, 1968-இல் வந்த ஜிடி6 மார்க் 2-க்கும் வைடெஸ் மார்க் 2-க்கும் டிரையம்ஃபே மருந்து கொடுத்துவிட்டது. கீழே ஒரு விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கவட்டைக் கை), ஹாஃப் ஷாஃப்டில் ரோட்டோஃபிளெக்ஸ் ரப்பர் இணைப்பு. சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்து மடங்கும் பிரச்சினையே ஒழிந்தது. என் ஜிடி6-இல் பாதி வளைவில் காலை எடுத்தாலும் பின்பக்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு முறை செலவு செய்யுங்கள், நிம்மதியாக ஓட்டுங்கள்.

கிரீஸ்கறை:

ஆறுசிலிண்டர் சொல்வது முழு உண்மை. மேலான அமைப்பு அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கீழ் விஷ்போனைத் தாங்குவதற்கான பிடிகள் ஸ்பிட்ஃபயர் சேஸிஸில் இல்லை, அவற்றை வெல்டிங் வைத்தே ஆக வேண்டும். வேண்டாம் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். அந்த ரப்பர் இணைப்புகளும் காலப்போக்கில் வெடித்துக் கிழிபவை. மாற்றுவது கையைக் கடிக்கிற வேலை. 1973-இல் கடைசி ஜிடி6-களுக்கு டிரையம்ஃபே அதைக் கைவிட்டு மலிவான வழிக்குத் திரும்பியது.

அந்த மலிவான வழியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன்: 1970-இன் இறுதியில் மார்க் 4 ஸ்பிட்ஃபயரோடு வந்த ஸ்விங் ஸ்பிரிங். உங்கள் பழைய ஸ்பிரிங்கில் எல்லாப் பட்டைகளும் ஒரே கட்டாக டிஃபரன்ஷியலின் தலையில் இறுகிக் கிடக்கின்றன. புதியதில் ஒரு பட்டை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். மற்றவை ஒரு பெட்டிக்குள், நடுவில் ஓர் அச்சில் ஊசலாடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறினால் எல்லாப் பட்டைகளும் சுமை தாங்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், அதாவது கார் வளைவில் சாய்ந்தால், பெரும்பாலான பட்டைகள் ஏற்றப்பலகை மாதிரி ஆடிக்கொடுத்துவிடும். தடுப்பது அந்த ஒற்றைப் பட்டைதான். பின்பக்கத்தின் சாய்வுத் தடுப்பு வெகுவாகக் குறையும். முன்பு சொன்ன சரிபாதிப் பங்கீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஒரு தொழிற்சாலை சிக்கனமாக யோசித்துக் கண்டுபிடித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று. போல்ட் போட்டு மாட்டுவது, போல்ட் கழற்றினால் பழையபடி.

ஆனால் ஒரு நிபந்தனை. பின்பக்கம் விட்டுக்கொடுத்த சாய்வுத் தடுப்பை யாராவது ஏற்க வேண்டும். மார்க் 4-க்கு முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரையும் தடிப்பாக்கியே அனுப்பினார்கள். ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி, பாரை விட்டுவிட்டு, கார் படகு மாதிரி சாய்கிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே பொட்டலமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம்கியர்:

அப்படியானால் என் கட்டையைக் கழற்றிவிட வேண்டுமா?

கிரீஸ்கறை:

உங்கள் கார் உங்களைப் பயமுறுத்தவில்லை என்றால் இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் எவ்வளவு நீளும் என்று மட்டும் ஒரு நாள் பாருங்கள்.

ஸ்பேனர்மலர்:

நான் மார்க் 3-இல் ஸ்விங் ஸ்பிரிங் மாட்டியவள், அதனால் கையில் கறை படும் பகுதியைச் சொல்கிறேன். கிரீஸ்கறை ஐயா சொன்ன கோட்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை.

இருக்கைகளுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் டிஃபரன்ஷியலின் தலையில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டுகள் தெரியும். அவை எளிதில் வந்துவிடும், எண்ணெய்க் கசிவு காத்து வைத்திருக்கும். படுத்துவது வெளிப்பக்கம். ஸ்பிரிங்கின் கண்ணில் (முனையிலுள்ள வளையம்) இருக்கும் போல்ட்டும், ஸ்பிரிங் முனையை ஹப்போடு (சக்கரத்தின் நடுப்பகுதி) சேர்க்கும் செங்குத்து இணைப்பின் அடியில் ஹப்பைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டும் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒன்றாகிக் கிடக்கும். நட்டைக் கழற்றிவிட்டுத் தலையில் அடித்தால் போல்ட் வராது, ரப்பர் புஷ்ஷுக்குள் குழாயும் சேர்ந்து துள்ளும். சுத்தியல் பந்தைப் போலத் திரும்பி வரும். துரு இளக்கும் எண்ணெயை முன்கூட்டியே விட்டு ஊறவையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புஷ்ஷுக்கும் இணைப்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ரம்பப் பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிடுவதே மரியாதையான வழி. புது போல்ட், புது புஷ் வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்பிரிங்கின் கண்ணைக் கழற்றும் முன் செங்குத்து இணைப்பின் கீழ் ஜாக் கொடுத்து ஸ்பிரிங்கின் விசையைத் தாங்க வேண்டும். இது விளையாட்டில்லை. பிரேக் ஹோஸில் ஹப் தொங்க விடாதீர்கள்.

மாட்டும்போது, புஷ் உள்ள எந்த போல்ட்டையும் கார் ஜாக்கில் இருக்கையில் முழுதாக முறுக்க வேண்டாம். சக்கரங்கள் தரையில், இருக்கைகளில் ஆள் எடை, உருட்டிச் சமன் செய்த பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று காரைத் தூக்கிப் பிடிக்கும். உங்கள் புது ஸ்பிரிங் உயரமாக நிற்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எல்லா போல்ட்டையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, உருட்டி, மறுபடி முறுக்கிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இன்னொன்று, உயரம் மாறினால் பின்சக்கரத்தின் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் அது உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். ஹப்பை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் முன்னே போய்ச் சேரும் பிடி உடலில், இருக்கைக்குப் பின்னால் உள்ள சுவரில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. இடையில் மெல்லிய ஷிம் தகடுகள். ஷிம்மைக் கூட்டினால் ஹப் பின்னே தள்ளப்பட்டுச் சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே திரும்பும், குறைத்தால் உள்ளே திரும்பும். வெளியே திரும்பிய பின்சக்கரம் இந்தக் காருக்கு நஞ்சு. அந்தச் சுவர் துருப்பிடித்துப் பிளந்திருந்தால் ஷிம்மெல்லாம் வீண். பிடியைச் சுற்றித் தட்டிப் பாருங்கள், மெத்தென்று சத்தம் வந்தால் அதுதான் முதல் வேலை.

வளைவுக்காரன்:

போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்கினேன். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கியது! ஆளில்லாமல் இப்போது சக்கரம் நேர், இரண்டு பேரோடு கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர். சுவரில் துரு இல்லை. ஆனாலும் ஸ்விங் ஸ்பிரிங்கும் தடித்த பாரும் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். ஷாக் அப்சார்பர்தான் மிச்சம். விறைப்பானது வேண்டுமா, குட்டையானது வேண்டுமா? எந்த நீளம் என்று எப்படித் தீர்மானிப்பது? ஸ்விங் ஸ்பிரிங்கோடு கட்டையும் சேர்க்கலாமா?

கிரீஸ்கறை:

ஸ்பேனர்மலர் சொன்ன சோதனையை நானும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதியவர் அவர், பெருமையும் அவருக்கு.

கட்டை இப்போது வேண்டாம். ஸ்விங் ஸ்பிரிங் நெகட்டிவ் கேம்பரைத் தானே கொண்டுவரும். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படியட்டும். பிறகு இரண்டு பேர் எடையோடு ஏறக்குறைய இரண்டு டிகிரி நெகட்டிவ் இருந்தால் கைவைக்காதீர்கள். அதற்கு மேல் போனால் டயரின் உள்விளிம்பு தேய்வதைத் தவிர வேறு லாபம் இல்லை.

ஷாக் அப்சார்பரில் விறைப்பு இரண்டாம் பட்சம். 700 கிலோவை ஒட்டிய கார் இது. விறைப்பான வகையை முழுதாகத் திருகினால் மேடுபள்ளத்தில் துள்ளும், துள்ளும்போது சக்கரம் இறங்கும், கதை பழையபடி. சரிசெய்யக்கூடிய வகை வாங்கினால் மென்மையான முனையிலிருந்து தொடங்குங்கள்.

நீளத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், காரிடம் கேளுங்கள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிய அன்று, புதியதை மாட்டும் முன், பின்பக்கம் தடையில்லாமல் ஆடும்; அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். சேஸிஸை ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். பழைய ஷாக் அப்சார்பரின் ஒரு முனையை விடுவித்து, ஹப்பின் கீழ் ஜாக் வைத்து, சக்கரத்தை மாட்டி, ரிம்மில் கோணமானியை ஒட்டவையுங்கள். முதலில் டயர் மட்கார்டின் வளைவை நெருங்கும்வரை உயர்த்தி, மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையே உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள். புதிய ஷாக் அப்சார்பர் முழுதாக மடங்கிய நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் தடுப்பு தொடும் முன்பே உள்ளே உலோகத்தோடு உலோகம் மோதும். பிறகு மெல்ல இறக்குங்கள். சக்கரம் நேராக வரும் இடத்தில் ஒரு குறி, அதைத் தாண்டிப் பாசிட்டிவ் பக்கம் இரண்டு மூன்று டிகிரி போனதும் இன்னொரு குறி. அந்த இரண்டாவது குறியின் தூரம்தான் உங்கள் ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்ட நிலையின் நீளம். அதற்குக் கீழே சக்கரத்துக்கு வேலை இல்லை.

கடையில் அந்த அளவு அப்படியே கிடைக்காது. சற்று நீளமானதுதான் கிடைக்கும். அப்போது சேஸிஸுக்கும் செங்குத்து இணைப்புக்கும் நடுவே ஒரு கெட்டியான துணி வாரைக் கட்டி இரண்டாவது குறியில் நிறுத்துங்கள். நான் வாரையே விரும்புவேன். ஷாக் அப்சார்பரே சக்கரத்தை இழுத்து நிறுத்தும் வேலையையும் பார்த்தால் அதன் பிடிகளும் உள்ளேயிருக்கும் தண்டும் சீக்கிரம் தளர்ந்துவிடும். வார் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றுவது பத்து நிமிட வேலை.

அளவெடுக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒவ்வொரு நிலையிலும் பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் அளந்ததை மறுபக்கத்துக்கு அப்படியே வைத்தவர்களின் கார்களைத்தான் நான் பெரும்பாலும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.